அட்டையின் பின்பக்கத்து இரண்டு எண்கள்: பார்க்கின்சன் மருந்தில் பிராண்டும் ஜெனரிக்கும்

பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பா கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொண்டிருப்பார். கடலுக்குப் போவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கை மட்டும் தொழிலை விடவில்லை. அவருக்குப் பார்க்கின்சன் நோய். காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டால், ஏழே முக்காலுக்கெல்லாம் வலை ஊசி அவர் விரல்களுக்கிடையில் தடையில்லாமல் ஓடும். பத்தரை மணிக்குத் தயங்கும். கண்ணியில் நுழைய வேண்டிய ஊசி கண்ணியின் விளிம்பிலேயே நின்று நடுங்கும். பதினொரு மணி மாத்திரை உள்ளே போய் அரை மணி கழிந்தால் மறுபடி ஓடும். எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரத்தைவிட அந்த ஊசியைத்தான் நாங்கள் அதிகம் பார்ப்போம்.

போன ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த ஊசி நின்றுபோனது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தம்பி விசைப்படகில் பங்குக்குப் போகிறவன். மே மாதம் பாதியில் வீட்டில் பணம் தீர்ந்தது. வழக்கமாக வாங்கும் கம்பெனி மாத்திரைக்குப் பதிலாக, கம்பெனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரிலேயே விலை குறைவாகக் கிடைக்கும் ஜெனரிக் மாத்திரையை அம்மா வேறு கடையில் வாங்கி வந்தார். “நூறு மில்லிகிராம்தானே?” என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். “ஆமாம், நூறுதான்” என்று அம்மா சொல்லியிருக்கிறார். இரண்டு நாட்களில் அப்பாவுக்குக் குமட்டல் தொடங்கியது. மூன்றாம் நாள் வாந்தி. பக்கத்துக் கடையில் சொல்லி வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட அவரால் முடியவில்லை. தெருவே ஒரு முடிவுக்கு வந்தது: ஜெனரிக் மருந்து அப்படித்தான், வேலை செய்யாது. நானும் அதைத்தான் நம்பினேன்.

மதுரைக்கு நான்கு மணி நேரம் அவரைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். நரம்பியல் மருத்துவர் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்களை விரலால் தொட்டுக் காட்டினார். பழைய அட்டையில் லெவோடோபா 100, கார்பிடோபா 25. புதிய அட்டையில் லெவோடோபா 100, கார்பிடோபா 10. பிறகு வாந்தி மாத்திரையின் அட்டையைக் கேட்டார். மெட்டோகுளோப்ரமைடு என்று இருந்தது. “இரண்டு தவறு நடந்திருக்கிறது. இரண்டுக்கும் ஜெனரிக் காரணமில்லை” என்றார்.

அந்த நாளிலிருந்து, இந்த மருந்துகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். இந்தக் கரையோர ஊர்களில் எங்களைப் போலவே இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும் என்ற எண்ணம்தான் இதை எழுதவைக்கிறது.

முதலில் அந்த இரண்டு எண்கள் ஏன் இருக்கின்றன என்பது புரிய வேண்டும். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்த நோயை நம் ஊரில் நடுக்குவாதம் என்கிறோம். நடுக்கம் இதில் ஒரு பகுதி மட்டுமே. உடல் விறைப்பது, எல்லாமே மெதுவாகிப்போவது, நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்வது ஆகியவைதான் ஆளை முடக்குகின்றன. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துகொண்டே வருவதுதான் காரணம். டோபமினை அப்படியே மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும்; உள்ளே போய் டோபமினாக மாறும். 1960-களில் கண்டறியப்பட்ட இந்தச் சிகிச்சையைவிடச் சிறந்த மாத்திரை இன்றுவரை இந்த நோய்க்கு வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், லெவோடோபா மூளையை எட்டும் முன்பே குடலிலும் இரத்தத்திலும் டோபமினாக மாறிவிடும். அப்படி வழியிலேயே மாறியது மூளைக்குப் பயன்படாது. குமட்டலையும் வாந்தியையும்தான் கிளப்பும். அந்த மாற்றத்தைத் தடுக்கத்தான் கார்பிடோபா கூடச் சேர்க்கப்படுகிறது. கார்பிடோபா தானாக நோயைக் குறைப்பதில்லை. லெவோடோபாவைப் பத்திரமாக மூளைவரை அனுப்பிவைக்கும் காவல் வேலை அதனுடையது. இரண்டும் சேர்ந்த முதல் மாத்திரைக்கு மெர்க் நிறுவனம் வைத்த பெயர் சினிமெட். வாந்தியில்லாமல் என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

இந்தக் காவல் சரியாக நடக்க, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. அப்பா ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பழைய மாத்திரையில் நான்கு இருபத்தைந்து, நூறு. புதியதில் நான்கு பத்து, நாற்பது. லெவோடோபா அதே 400தான். ஆனால் பெரும்பங்கு மூளைக்குப் போகாமல் வழியிலேயே வீணாகி, அவரை வாந்தியெடுக்க வைத்தது. அதற்கு நாங்கள் கொடுத்த மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள் டோபமின் வேலை செய்வதையே தடுக்கும் மருந்து. எரிகிற விளக்கில் எண்ணெயைக் குறைத்துவிட்டு, கதவையும் திறந்துவைத்தது போலாயிற்று. பார்க்கின்சன் நோயாளிக்கு வாந்திக்கான மருந்தைத் தானாக வாங்கிக் கொடுக்கவே கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட விலை அது. தலைச்சுற்றலுக்குக் கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கப்படும் சின்னரிசைனும் இதே வகையில் கெடுதல் செய்யும். நல்ல உடம்புள்ள முதியவர்களிடமும் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சனைப் போன்ற விறைப்பை அது உண்டாக்கும்.

சரி, அப்படியானால் ஜெனரிக் மாத்திரையும் பிராண்ட் மாத்திரையும் ஒன்றுதானா? இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. ஏனென்றால் நம் நாட்டில் கேள்வியே கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

வெளிநாடுகளில் பிராண்ட் என்றால், மருந்தைக் கண்டுபிடித்து, சோதித்து, காப்புரிமையோடு முதலில் விற்ற நிறுவனத்தின் பொருள். காப்புரிமை முடிந்தபின் அதே மருந்தை மற்றவர்கள் செய்தால் அது ஜெனரிக். இந்தியாவில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தருவதையே நிறுத்தியது. தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் தந்தது. 2005 வரை அந்த நிலை நீடித்தது. அந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நம் நிறுவனங்கள் உலகத்து மருந்துகளைத் தாங்களே செய்து, தங்கள் தங்கள் பெயரில் விற்றன. நம் கடைகளில் கேட்டால் எடுத்துத் தரும் சின்டோபா சன் பார்மா நிறுவனத்துடையது, டிடோமெட் டொரன்ட் நிறுவனத்துடையது. இரண்டுமே சினிமெட் இல்லை. கண்டிப்பான பொருளில் பார்த்தால், பெயர் சூட்டப்பட்ட ஜெனரிக்குகள்தான் இரண்டும். ஆக, நாம் ஒரிஜினல் என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுப்பதும் ஒரு ஜெனரிக். தரம் குறைவு என்று ஒதுக்குவதும் ஒரு ஜெனரிக். ஒன்றுக்கு விளம்பரமும் மருத்துவப் பிரதிநிதியும் உண்டு, மற்றதற்கு இல்லை. இதை மருத்துவர் சொன்னபோது அம்மா முதலில் நம்பவில்லை. எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

2008-இல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களும் மருந்தை அதன் மூலப்பெயரிலேயே குறைந்த விலைக்கு விற்கின்றன. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் மூலப்பெயரில்தான் டெண்டர் விடுகிறது. லெவோடோபா, கார்பிடோபா கூட்டு மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பதால், 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அதற்கு விலை உச்சவரம்பும் உண்டு. அந்த வரம்புக்குள்ளேயே ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் விலை நன்றாகவே வேறுபடுகிறது. வாழ்நாள் முழுக்க, நாளொன்றுக்கு நான்கைந்து முறை சாப்பிட வேண்டிய மாத்திரை இது. அந்த வேறுபாடு ஓர் ஆண்டில் ஒரு வலையின் விலையாகிவிடும். எனவே மலிவான மாத்திரையைத் தேடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் தேடுவது நியாயமானது.

தரத்தைப் பற்றி ஊரில் உலவும் ஒரு பேச்சைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஜெனரிக்கில் மருந்து 20 விழுக்காடு குறைவாக இருக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது என்பார்கள். இது ஓர் உண்மையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. மூல மருந்தையும் ஜெனரிக்கையும் ஆட்களுக்குக் கொடுத்து, இரத்தத்தில் அது எவ்வளவு உயரம் ஏறுகிறது, மொத்தம் எவ்வளவு சேர்கிறது என்று அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தின் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, முழுவதும் 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதே விதி. சராசரி அந்த எல்லையை ஒட்டிப் போனாலே இடைவெளியின் ஒரு முனை வெளியே தள்ளப்பட்டு, மருந்து தோற்றுவிடும். 1996 முதல் 2007 வரை அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ஜெனரிக்குகளின் 2,070 ஆய்வுகளை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் சராசரி வேறுபாடு 4 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் இருந்தது.

அது அமெரிக்கா. இங்கே நிலைமை அவ்வளவு நேராக இல்லை. இந்தச் சமநிலைச் சோதனை இந்தியாவில் நெடுங்காலம் எல்லாப் பழைய மருந்துகளுக்கும் கட்டாயமாக இருந்ததில்லை. 2017-இல்தான், நீரில் கரையும் திறன் குறைந்த மருந்துகளுக்கு உரிமம் தரும் முன் அந்தச் சோதனை வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. மக்கள் மருந்தகத்துக்கு வரும் மருந்துகள் உலக சுகாதார நிறுவனத்தின் தயாரிப்பு நெறிச் சான்று பெற்ற ஆலைகளிலிருந்து வாங்கப்படுகின்றன; ஒவ்வொரு தொகுதியும் ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறது. இது பெரிய பாதுகாப்பு. அதே நேரம், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலைப் பார்த்தால், அதில் பெயர் தெரியாத நிறுவனங்களும் இருக்கின்றன, பெயர் பெற்றவையும் இருக்கின்றன. அட்டையில் பளபளக்கும் பெயர் தரத்துக்குச் சான்றில்லை. மலிவு விலையும் மட்டமான தரத்துக்குச் சான்றில்லை.

அப்படியென்றால் எதைப் பிடித்துக்கொள்வது? மாறாமல் இருப்பதை. இதுதான் இந்த நோயின் தனித்தன்மை.

நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், மூளையில் மிச்சமிருக்கும் அணுக்கள் லெவோடோபாவை வாங்கி டோபமினாகச் சேமித்துவைத்து, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். அப்போது மாத்திரை அரை மணி தாமதமானாலும், இரத்த அளவு சற்று ஏறி இறங்கினாலும் நோயாளிக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தில் எந்த நிறுவனத்திலிருந்து எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பெரும்பாலானோருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆண்டுகள் போகப்போக அந்தச் சேமிப்புக் கிடங்கு அழிகிறது. பிறகு மூளை இரத்தத்தில் இருப்பதை நம்பியே வாழ வேண்டும். கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும், லெவோடோபா இரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அன்றாடங்காய்ச்சியின் வீடு மாதிரி: கூலி வந்தால் அடுப்பு எரியும், வராவிட்டால் இல்லை. அப்பாவின் வலை ஊசி பத்தரைக்குத் தயங்குவது இதனால்தான்.

இந்தப் பிந்தைய கட்டத்தில், மாத்திரை வயிற்றில் கரைய ஐந்து நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு உணரும். மூல மருந்து ஒன்றே ஆனாலும், மாத்திரையை மாத்திரையாகப் பிடித்துவைக்கும் மாவும் பசையும் பூச்சும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஒரு மாத்திரையிலிருந்து வேறொன்றுக்கு மாறும்போது சிலருக்கு வேலை செய்யும் நேரம் சுருங்கலாம். சிலருக்கு மாறாக, கைகால் தன்னையறியாமல் நெளியும் அளவுக்குக் கூடிவிடலாம். இது ஜெனரிக்கிலிருந்து பிராண்டுக்குப் போனாலும் நடக்கும், பிராண்டிலிருந்து பிராண்டுக்குப் போனாலும் நடக்கும், ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொரு ஜெனரிக்குக்குப் போனாலும் நடக்கும். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று, தடைக்காலத்தில் மூன்றாவது என்று கைக்குக் கிடைத்ததை வாங்குவதுதான் ஆபத்து. மலிவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்கிறவர், விலை உயர்ந்ததைப் பாதி மாதம் வாங்கி மீதி மாதம் தட்டுத்தடுமாறுகிறவரைவிட நன்றாக இருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மெதுவாக வெளியாகும் மாத்திரைகளை, அட்டையில் சி.ஆர். என்று போட்டிருக்கும் வகையை, சாதாரண மாத்திரைக்குப் பதிலாக எண்ணை மட்டும் பார்த்து மாற்றிவிடக் கூடாது. சி.ஆர். வகையில் இருக்கும் லெவோடோபாவில் சாதாரண மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 70 விழுக்காடுதான் உடம்பில் சேரும். அதை நசுக்கியோ மென்றோ சாப்பிட்டால் மெதுவாக வெளியாகும் அமைப்பே உடைந்துவிடும். விழுங்கக் கஷ்டப்படும் முதியவர்களுக்குப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி எண்களின் குழப்பம். நம் நாட்டில் சில நிறுவனங்கள் இரண்டு மருந்துகளையும் கூட்டி வரும் எண்ணை மாத்திரைக்குப் பெயராக வைக்கின்றன. 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10. 275 என்றால் 250-உம் 25-உம். வேறு சில நிறுவனங்கள் எண்ணே போடாமல் பிளஸ், போர்ட் என்று சொல்லால் குறிக்கின்றன. “பெரிய மாத்திரை”, “சின்ன மாத்திரை”, “மஞ்சள் மாத்திரை” என்று வீட்டில் நாம் வைக்கும் பெயர்களோ நிறுவனம் மாறிய அன்றே செல்லாமல் போகும். ஒருவருடைய மஞ்சள் இன்னொருவருடைய நீலம்.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் இன்னொரு வகைக் குழப்பத்தைப் பார்க்கலாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், வாப்பாவுக்கு வெளிநாட்டு மருந்துதான் நல்லது என்று விடுமுறைக்கு வரும்போது ஆறு மாதத்துக்கு வாங்கி வருவார்கள். அந்த அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்து வருவது மடோபார் என்றால், அதில் லெவோடோபாவுக்குத் துணையாக இருப்பது கார்பிடோபா இல்லை, பென்செரசைடு. மடோபார் 250 என்பதில் லெவோடோபா 200, பென்செரசைடு 50. கையிருப்பு தீர்ந்து, இங்கே கடையில் “இருநூற்றைம்பது” என்று கேட்டு 275-ஐ வாங்கினால், ஒவ்வொரு வேளையும் 50 மில்லிகிராம் லெவோடோபா கூடிவிடும். இதே நோய்க்குக் கொடுக்கப்படும் பிரமிபெக்சோல் என்ற இன்னொரு மருந்தில் இது மேலும் நுட்பமானது. ஐரோப்பியப் பெட்டிகளில் மருந்தின் அளவை மட்டும் குறிப்பிடுகிறார்கள்; நம் அட்டைகளில் அந்த மருந்து சேர்ந்திருக்கும் வேதி உப்பின் மொத்த அளவைக் குறிப்பிடுகிறார்கள். அங்கே 0.18 என்று இருப்பதும் இங்கே 0.25 என்று இருப்பதும் ஒரே அளவுதான். இது தெரியாமல் குறைந்துவிட்டதென்றோ கூடிவிட்டதென்றோ பதறி மாத்திரை எண்ணிக்கையை மாற்றினால் தொல்லை.

மாத்திரை மாறிய நாளில் உடம்பில் ஏற்படும் எல்லாவற்றுக்கும் மாத்திரையையே காரணமாக்குவதும் சரியில்லை. எங்கள் கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மீன் குழம்பை. லெவோடோபா சிறுகுடலில் உறிஞ்சப்படும்போது, புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசலில் முண்டியடிக்கும். சாளை மீன் குழம்போடு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு உடனே மாத்திரை போட்டால், மாத்திரை வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அப்பாவுக்கு மதிய வேளை மாத்திரை ஏன் எப்போதும் மந்தமாக இருக்கிறது என்று பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தோம். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு மாத்திரை. மீனை அவர் விடவில்லை. விடச் சொல்லி மருத்துவரும் சொல்லவில்லை. நோய் முற்றிய சிலருக்கு மீனையும் பருப்பையும் பெரும்பாலும் இரவுக்குத் தள்ளிவைக்கச் சொல்வதுண்டு, அதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். இரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிணைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இந்த நோயில் மலச்சிக்கல் சாதாரணம், வயிறு காலியாவதும் மெதுவாகும். அதுவும் மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும்.

பிறகு உப்புக்காற்று. லெவோடோபா ஈரத்திலும் வெளிச்சத்திலும் காற்றிலும் கெட்டு நிறம் கறுக்கும் தன்மையுள்ளது. கடலோர வீடுகளில் உப்பு ஜாடியே கசிந்து நிற்கும்போது, அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போட்டுவைத்த மாத்திரை மட்டும் எப்படித் தப்பும்? ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து வைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். அன்றன்றைக்கு மட்டும் அட்டையிலிருந்து எடுக்கிறோம். அடுப்படி அலமாரியிலிருந்த மருந்துப் பை உள்ளறைக்குப் போய்விட்டது. நான்கு மாத்திரை, ஆறு மாத்திரை என்று அட்டையை வெட்டி வாங்கினால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். ஒரு அட்டையாவது முழுதாக வாங்குவது நல்லது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் சிறுநீரும் வியர்வையும் கறுத்தோ சிவந்தோ போகலாம். சட்டையில் கறை படியலாம். அது மருந்தின் இயல்பு, கலப்படத்தின் அடையாளமில்லை.

பதற்றமும் கணக்கில் வரும். யாராவது உற்றுப் பார்த்தாலே அப்பாவின் கை கூடுதலாக நடுங்கும். புதிய மாத்திரை வேலை செய்யாது என்று முன்பே நம்பிக்கொண்டு அதை விழுங்குகிறவருக்கு அந்த நம்பிக்கையே நடுக்கத்தைக் கூட்டிவிடும். இதை மனப்பிரமை என்று தள்ளுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். அவருடைய கை உண்மையாகவே நடுங்குகிறது.

பூனைக்காலி விதையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. நம் பழைய வைத்தியத்தில் அதற்கு இடமிருந்ததும் உண்மை. ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல முடியாத நிலையில், மாத்திரையோடு சேர்த்துத் தின்றால் மொத்தம் எங்கே போய் நிற்கும் என்று மருத்துவரால்கூடக் கணிக்க இயலாது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய ஹெச் பட்டியல் மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தானாக மாற்றித் தர விதி இடம் தரவில்லை, உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும்கூட. ஆகவே மலிவான மாத்திரைக்கு மாற விரும்பினால் மருத்துவரே மூலப்பெயரில் எழுதித் தர வேண்டும். மூலப்பெயரில், தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இலேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதித்தது. அதைக் கண்டிப்பாக்கும் விதிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. நாம் கேட்டால் எழுதித் தருகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டும். “லெவோடோபா 100, கார்பிடோபா 25, சாதாரண வகை” என்று மூன்று விவரமும் சீட்டில் இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் தவறு நேர வழி குறைவு.

மாறுவதென்று முடிவெடுத்தால் அவசரத்தில் மாறக் கூடாது. பணம் தீர்ந்த பிறகு, மாத்திரை தீர்ந்த பிறகு, ஊருக்குக் கிளம்பும் அன்று மாறுவதுதான் நாங்கள் செய்த பிழை. தடைக்காலம் எப்போது வரும் என்று இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். பிப்ரவரியிலேயே மருத்துவரிடம் சொல்லி, மலிவான மாத்திரைக்கு மாறி, பழைய அட்டை ஒன்று கையில் இருக்கும்போதே இரண்டு வாரம் உடம்பைக் கவனித்திருக்கலாம். மருந்தகத்தில் அது தொடர்ந்து கிடைக்குமா என்று முன்பே கேட்டிருக்கலாம். அரசு மருத்துவமனையில் வாங்குகிறவர்கள், டெண்டர் மாறும்போது நிறுவனம் மாறலாம் என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு முறையும் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டு எண்களும் பழைய அட்டையோடு பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. புதிய மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடுவது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடுமையான காய்ச்சல், உடம்பு மரக்கட்டையாக விறைப்பது, நினைவு தப்புவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். பிடிக்காத மாத்திரையானாலும், மாற்று கையில் வரும்வரை அதைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கும்போதும் இந்த மாத்திரை வேளை தவறக் கூடாது என்பதை அங்கே இருக்கும் செவிலியரிடம் வாய் வலிக்கச் சொல்ல வேண்டும்.

அப்பா இப்போது ஜெனரிக் மாத்திரைதான் சாப்பிடுகிறார். 100, 25, மருத்துவர் எழுதிக் கொடுத்தது. மாறிய முதல் வாரம் முழுவதும் ஒரு பழைய பள்ளி நோட்டில் நேரம் போட்டு எழுதினோம்: எப்போது மாத்திரை, எப்போது சாப்பாடு, ஊசி எப்போது ஓடத் தொடங்கியது, எப்போது நின்றது. நான்காம் நாள் பக்கத்தில் பத்தரைக்கு நிற்க வேண்டியது பத்தே காலுக்கே நின்றதாக இருக்கிறது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் பதினொரு மணி மாத்திரையை முப்பது நிமிடம் முன்னே நகர்த்தினார். நோட்டின் அட்டையில் பழைய மாத்திரை அட்டையின் ஒரு துண்டை அம்மா பின் குத்தி வைத்திருக்கிறார், எண்கள் தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி. அவருக்கு ஆங்கில எழுத்துகள் படிக்கத் தெரியாது. கடைக்குப் போகும்போது நோட்டையே கொண்டுபோய், புதிய அட்டையை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்கிறார்.